சில்லுக்கா வச்சுவிட்டுப் போனது

சில்லுக்கா, உன்னைத்தான் கூப்பிடுகிறேன். நீ பாதியில் விட்டுப்போன வேலையை முடித்துவிட்டேன். சரியாக முடித்தேனா என்று நீதான் சொல்லவேண்டும். சொல்வதற்கு நீ இல்லை. அதனால் எல்லோரிடமும் சொல்லிவிடுகிறேன்.

சில்லு என்பது வீட்டில் கூப்பிடுகிற பெயர். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் வேறு. அதை இங்கே எழுதமாட்டேன். சொல்லவேண்டிய இடத்தில், சொல்லவேண்டிய ஆள் காதில் விழுகிற மாதிரி மைக்கில் சொல்லிவிட்டேன். அது போதும். சின்ன வயதில் பாண்டி விளையாடும்போது என் அக்கா எறிகிற ஓட்டுச்சில்லு கோட்டில் விழாது. கட்டத்துக்கு நடுவில் போய் உட்காரும். அதில் வந்த பெயர்தான் சில்லு. எறிவதற்கு முன்னால் ரொம்ப நேரம் குறி பார்ப்பாள். மற்ற பிள்ளைகள் சீக்கிரம் போடு போடு என்று கத்துவார்கள். அவள் பாட்டுக்குப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

பெரியவள் ஆன பிறகும் அப்படித்தான். அவள் யாரையும் சும்மா விட்டதில்லை. சண்டைக்காரி என்று நினைத்துவிடவேண்டாம். அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. யாராவது அவளையோ எங்களையோ தப்பாகப் பேசினால் அந்த இடத்தில் தலையை மட்டும் ஆட்டுவாள். வீட்டுக்கு வந்து காலைக் கழுவிவிட்டு, "இருக்கட்டும், வச்சிருக்கேன்" என்பாள். அந்த வார்த்தையைக் கேட்டதும் எங்கள் அம்மா சிலுவை போட்டுக்கொள்வாள். வாங்கப்போகிற ஆளை நினைத்து.

சாணார்பட்டியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரம்மா மீன் கழுவிய தண்ணீரை எங்கள் வாசலில் கொண்டுவந்து ஊற்றும். கேட்டால், உங்கள் வாசல் என்ன மாதா கோயில் வாசலா என்று கேட்கும். அக்கா வச்சிருந்தாள். கொஞ்ச நாளில் அந்த வீட்டுப் பெண்ணைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் காரில் வந்து இறங்கினார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. யக்கா, இன்னைக்குத்தான் நாள், கருவாட்டை எடு என்றேன். அவள் என்னை முறைத்தாள்.

"அந்தப் பிள்ள என்னடா செஞ்சுச்சு?"

அதோடு விடவில்லை. எங்கள் வீட்டு எவர்சில்வர் டம்ளர்களையும் இரண்டு நாற்காலிகளையும் என் தலையிலேயே ஏற்றி அந்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். சம்பந்தம் நல்லபடியாகப் பேசிமுடிந்தது. அதற்குப் பிறகு ஒரு நாள் மகளிர் குழுக் கூட்டம் அந்தம்மா வீட்டு வாசலில் நடந்தது. அந்தம்மாதான் தலைவி. பட்டுச்சேலை கட்டி நடுநாயகமாக உட்கார்ந்திருந்தது. அக்கா நெத்திலிக் கருவாட்டை முறத்தில் கொட்டினாள். வெளியே வந்து காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்தாள். சுவர் ஓரமாக உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தலையைக் கிள்ளினாள். செத்த நேரத்தில் கூட்டம் மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டது. மறுநாள் அதே கருவாட்டில் குழம்பு வைத்து, ஒரு கிண்ணம் நிறைய அந்தம்மாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். எனக்குப் புரியவில்லை. அது முடிந்துவிட்டதடா, இனி அவர்கள் நல்லவர்கள்தான் என்றாள். அவளுக்கு உண்மையிலேயே அப்படித்தான். முடிந்தால் முடிந்ததுதான். மனசில் ஒரு துளி இருக்காது. முடியாதவரைக்கும் தூக்கத்தில்கூட மறக்கமாட்டாள்.

அப்பா இறந்தபோது சொந்தப் பெரியப்பா அடக்கத்துக்கு வரவில்லை. ஏதோ பழைய வருத்தம். நவம்பர் மாதம் எங்கள் கோயிலில் குடும்பத்தில் இறந்தவர்கள் பெயரைக் கொடுத்தால் சாமியார் பூசையில் வாசித்து வேண்டிக்கொள்வார். அப்பா பெயரைக் கொடுக்கப்போன அக்கா பெரியப்பா பெயரையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வந்தாள். சாமியார் ஊருக்குப் புதுசு. அவருக்கு என்ன தெரியும்? ஞாயிற்றுக்கிழமை முதல் பூசையில், வெள்ளைச் சட்டை போட்டு முன்பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியப்பா, தன்னுடைய ஆன்மா இளைப்பாற ஊரே வேண்டிக்கொண்டதைக் காதால் கேட்டார். பூசை முடிந்து ஆத்திரத்தோடு வந்தார். அக்கா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, பணிவாகத்தான் சொன்னாள்.

"தம்பி அடக்கத்துக்கு வரலேல்ல பெரியப்பா. நீங்களும் போய்ச் சேந்துட்டீங்கன்னு நெனச்சேன்."

கோயில் வாசலில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். பெரியப்பாவுக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இப்போதுதானே திரும்பி வந்திருக்கிறீர்கள், வீட்டுக்கு வந்து காப்பி சாப்பிட்டுப் போங்கள் என்று கையைப் பிடித்து இழுத்துவந்துவிட்டாள். அப்பா படத்துக்கு முன்னால் அவர் அழுதார். அன்றிலிருந்து எங்களுக்கு அவர் பெரியப்பா.

இப்படி ஒருத்தி, வாழ்ந்த காலத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் திருப்பிக் கொடுக்காமல் போய்விட்டாள். அது அவள் வீட்டுக்காரர், என் மச்சான் கொடுத்தது. அந்தமானில் கொடுத்தது.

மச்சானுக்கு ரெட்டியார்சத்திரத்தில் பெயிண்ட் கடை. நிறையச் சரக்கு விற்கிற கடைக்காரர்களை பெயிண்ட் கம்பெனியே டூர் கூட்டிக்கொண்டு போகும், சம்சாரத்தோடு. அந்த வருஷம் அந்தமான். அக்கா மகள் பாப்பாவுக்கு அப்போது நடை வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. பேச்சு வரவில்லை. பிள்ளையை அவர் அம்மாவிடம் விட்டுவிட்டு வரலாம் என்று மச்சான் சொன்னார். பால் குடிக்கிற பிள்ளையை விட்டுவிட்டு எந்தத் தீவைப் பார்க்கப் போகிறேன் என்று அக்கா கேட்டாள். யாரோ ஒரு கடைக்காரர் வராமல்போய் ஒரு இடம் காலியானது. அதில் என்னைச் சேர்த்துவிட்டார்கள். நான் ஒன்பதாவதோடு நின்றவன். சாணார்பட்டியிலிருந்து ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குத் தக்காளி லோடு அடிக்கிறவன். விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி. வாரேன் என்று உடனே கிளம்பிவிட்டேன்.

விமானம் மேலே ஏறும்போது பாப்பா அழுத அழுகையில் மொத்தப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள். முன்சீட்டில் ஒட்டன்சத்திரத்துக் கடைக்காரர் சம்சாரம், நல்ல பருமனான அம்மா. தன் வீட்டுக்காரரிடம் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "ஏனுங்க, இந்தக் கைப்புள்ளயெல்லாம் எதுக்குங்க கூட்டிட்டு வாறாங்க?" என்றது. அக்கா பாப்பாவின் காதைப் பொத்தி மடியில் சாய்த்துக்கொண்டாள். என்னைப் பார்த்தாள். அவள் சொல்லாமலேயே எனக்குக் கேட்டது, வச்சிருக்கேன்.

போர்ட் பிளேரில் இறங்கி, அங்கிருந்து இன்னொரு சின்னத் தீவுக்குக் கப்பல். கப்பல் ஆட ஆரம்பித்ததும் ஒட்டன்சத்திரத்தம்மாவுக்குக் குடலைப் பிரட்டிவிட்டது. பாப்பாவை என் மடியில் போட்டுவிட்டு அக்கா ஓடினாள். நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். பாப்பாவுக்காகக் கொண்டுவந்த எலுமிச்சம்பழத்தைக் கீறி மூக்கில் வைத்தாள். வாயைத் துடைத்துவிட்டாள். அந்தம்மா தெளிந்து நிமிர்ந்து உட்கார்ந்து, நீ நல்லா இருக்கோணும் கண்ணு என்றது. அப்போது அக்கா மெதுவாகச் சொன்னாள்.

"பாப்பா ஒண்ணு கேக்குறா அக்கா. இந்தப் பெரியவங்களயெல்லாம் எதுக்குக் கூட்டிட்டு வாராங்கன்னு."

அந்தம்மா திரும்பி என் மடியில் இருந்த பாப்பாவைப் பார்த்தது. அப்புறம் சிரித்தது பாருங்கள், சிரித்த சிரிப்பில் மறுபடியும் வாந்தி எடுத்துவிட்டது. அதற்குப் பிறகு அந்தத் தீவில் இருந்தவரைக்கும் பாப்பா பாதி நேரம் அந்தம்மா இடுப்பில்தான் இருந்தாள்.

அந்தத் தீவில் எப்போது பார்த்தாலும் கூட்டம். பாட்டுச் சத்தம், வாடகை ஸ்கூட்டர், ஜூஸ் கடை, வடக்கத்திக் கல்யாண ஜோடிகள். இம்புட்டுத் தூரம் கடல் தாண்டி வந்தும் டீக்கடையில் தமிழில் திட்டிக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கெல்லாம் கம்பெனி மஞ்சள் டீ-ஷர்ட்டும் தொப்பியும் கொடுத்தது. பாப்பாவுக்கு அந்தத் தொப்பியைப் போட்டால் மூக்கு வரை மூடிக்கொள்ளும். கழற்றவிடமாட்டாள். தடவித் தடவி நடந்து யார் காலிலாவது முட்டிக்கொள்வாள். கண்ணாடிப் படகு, போர்ட் பிளேர் ஜெயில், பவளப் பாறை என்று எதைக் காட்டக் கூட்டிப்போனாலும் அந்த இடம் வந்ததும் சரியாகத் தூங்கிவிடுவாள். பாதித் தீவை நாங்கள் தூங்குகிற பிள்ளையைத் தோள் மாற்றிக்கொண்டேதான் பார்த்தோம். ஹோட்டல் சாப்பாடு எதுவும் பாப்பாவுக்கு இறங்கவில்லை. அக்கா ஊரிலிருந்து அரிசியும் பாசிப்பருப்பும் வறுத்துப் பொடித்து எடுத்து வந்திருந்தாள். அறையில் டீ போட வைத்திருந்த கெட்டிலில் கஞ்சி காய்ச்சினாள். பொங்கி வழிந்து, ஹோட்டல்காரன் ஓடி வந்து இந்தியில் கத்தினான். அக்கா அவனுக்கும் ஒரு டம்ளர் கொடுத்து உட்காரவைத்தாள். குடித்துவிட்டுப் போனான்.

கல்யாணமான பிறகு அவள் அவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்றாள். இந்தத் தண்ணியை நம்ம ஊர்ப் பக்கம் திருப்பிவிட்டால் பக்கத்து வீட்டம்மா மீன் கழுவ எம்புட்டு நல்லா இருக்கும் என்றாள்.

பாப்பாவுக்குக் கடலைவிட நண்டுதான் பிடித்தது. அந்தக் கரையில் சங்குக்குள் குடியிருக்கிற குட்டி நண்டுகள் உண்டு. சும்மா கிடக்கிற சங்கு திடீரென்று எழுந்து நடக்கும். பாப்பா குனிந்து பார்ப்பாள், கிறீச்சிடுவாள், அது போகிற பக்கமெல்லாம் பின்னாலேயே போவாள். அதைப் பார்த்த அன்றே அக்கா மச்சானிடமும் என்னிடமும் சொல்லிவைத்தாள், இவள் நண்டைப் பார்த்தால் தண்ணியைப் பார்க்கமாட்டாள், கையை விட்டுவிடாதீர்கள் என்று.

கடைசி நாள் சாயங்காலம் கரையில் கம்பெனி மேடை போட்டிருந்தது. பாட்டு, டான்ஸ், ஜோடிகளுக்குப் போட்டி. பாப்பாவுக்குப் பசி வந்துவிட்டது. அக்கா கஞ்சி காய்ச்ச அறைக்குக் கிளம்பினாள். பாப்பாவை மச்சான் கையில் கொடுத்தாள். என்னை ஹோட்டல் சமையல்கட்டில் கொஞ்சம் தயிர் கேட்டு வாங்கிவரச் சொன்னாள். மச்சானிடம் அவள் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. பிடிச்சுக்கங்க, பாட்டுல மறந்துறாதீங்க.

இந்தி தெரியாமல் தயிர் கேட்பது லேசான காரியம் இல்லை. வெள்ளையாக எதைக் காட்டினாலும் பாலைக் கொடுத்தார்கள். ஒருவழியாக வாங்கிக்கொண்டு கரைக்கு வந்தேன். மச்சான் மேடை ஓரத்தில் செல்போனைத் தூக்கிப் பிடித்து டான்ஸை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பாப்பா இல்லை. தண்ணீர் ஓரத்தில் ஒரு மஞ்சள் தொப்பி தெரிந்தது. நான் ஓட ஆரம்பித்தேன். அதற்குள் ஒரு அலை வந்து பிள்ளையை உருட்டி உள்ளே இழுத்தது. கரையில் இளநீர் வெட்டிக்கொண்டிருந்த ஒரு ஆள் அரிவாளைப் போட்டுவிட்டுப் பாய்ந்தார். இடுப்பளவு தண்ணீரில் முங்கி, பாப்பாவைக் காலைப் பிடித்துத் தூக்கினார். கவிழ்த்து முதுகில் தட்டினார். பாப்பா இருமி, கக்கி, வீல் என்று அழுதாள். அந்த அழுகைதான் எனக்கு உயிர் வந்த இடம். "ஒண்ணுமில்ல அப்பு, பிள்ள நல்லாருக்கு" என்று எங்கள் தமிழில் சொன்னார். அவர் குடும்பம் ராமநாதபுரத்துப் பக்கத்திலிருந்து வந்ததாம், அவர் தீவிலேயே பிறந்தாராம்.

கூட்டம் கூடிவிட்டது. அறையிலிருந்து அக்கா கஞ்சிக் கிண்ணத்தோடு ஓடி வந்தாள். பிள்ளையை வாங்கி நெஞ்சோடு அணைத்தாள். அப்போதுதான் மச்சான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். எல்லோரும் அவரைத்தான் பார்த்தார்கள். பிள்ளையை வைத்திருந்தவர் அவர் என்று மேடைப் பக்கம் நின்றவர்களுக்கெல்லாம் தெரியும். அவர் அக்கா கன்னத்தில் ஓங்கி ஒரு அறை கொடுத்தார்.

"பிள்ளைய விட்டுட்டு எங்கடி போனே?"

கிண்ணம் மணலில் விழுந்தது. மேடையில் பாட்டு நிற்கவில்லை. அக்கா பாப்பாவை இன்னும் இறுக்கிக்கொண்டாள். கன்னத்தைக்கூடத் தொடவில்லை. பாப்பாதான் அழுகையை நிறுத்திவிட்டு அம்மா கன்னத்தில் கையை வைத்தாள். ஒட்டன்சத்திரத்தம்மா, ஏனுங்க, புள்ள உங்க கையிலதானுங்களே இருந்தது என்று ஆரம்பித்தது. அதன் வீட்டுக்காரர் கையைப் பிடித்து இழுத்துவிட்டார். நான் மச்சான் மேல் பாய இருந்தேன். அக்கா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"தயிர் கெடச்சுச்சா?" என்றாள்.

மறுநாள் காலையில் கம்பெனி எல்லோரையும் நிற்கவைத்துப் போட்டோ எடுத்தது. அக்கா மஞ்சள் டீ-ஷர்ட்டைச் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டு, மச்சான் பக்கத்தில் நின்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். சில்லைக் கையில் வைத்துக்கொண்டு குறி பார்க்கிற முகம் அது.

ஊருக்கு வந்தபிறகு என்ன வச்சிருக்க என்று கேட்டேன். "பாப்பாவுக்குப் பேச்சு வரட்டும்" என்றாள். அவர்கள் வீட்டுக்குப் போகும்போது பார்ப்பேன். மச்சான் சாப்பிட உட்காருவார். அக்கா வெஞ்சனத்தைத் தட்டில் வைத்துக்கொண்டே, கடல்ல ஒன்ன யாரு விட்டா என்று பாப்பாவிடம் விளையாட்டாகக் கேட்பாள். பாப்பா விரலை நீட்டி அப்பாவைக் காட்டுவாள். முதலில் மச்சான் சிரித்தார். அப்புறம் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கடைக்குப் போக ஆரம்பித்தார். இதுதானா என்று கேட்டேன். இது சும்மா என்றாள்.

மழைக்காலம் வந்தது. ரெட்டியார்சத்திரத்தில் வீட்டுக்கு வீடு காய்ச்சல். அக்காவுக்கும் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் இருந்தாள். மச்சான் அடுத்த கம்பெனி டூருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். போய்ட்டு வாங்க, எனக்கு ஒண்ணுமில்லை என்று இவளே அனுப்பினாள். அவர் போன பிறகு ரத்தத்தில் அணு குறைந்துவிட்டது என்று மதுரைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். அங்கே கட்டிலில் படுத்திருந்தபோது என்னைக் குனியச் சொன்னாள்.

"பாப்பாவ வச்சு வேணான்டா. அது பச்சப் பிள்ள. நான் வேற யோசிக்கிறேன்."

சரி, யோசி என்றேன். அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். அதற்குள் போய்விட்டாள்.

மச்சான் ஏர்போர்ட்டிலிருந்து நேராகக் கல்லறைத் தோட்டத்துக்கு வந்தார். மேலே புது டூரின் டீ-ஷர்ட். அழுதார். பொய் அழுகை என்று சொல்லமாட்டேன். ஆனால் அழும்போது அவர் சொன்னதுதான் எனக்குள் போய் இன்னும் வெளியே வரவில்லை. "கடல்ல குதிச்சு எம்பிள்ளையக் காப்பாத்துனேனே, இவளக் காப்பாத்த முடியலயே" என்றார். சுற்றி நின்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள். ஒட்டன்சத்திரத்தம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தது. நான் ஒரு பிடி மண்ணைப் போட்டேன். அக்கா, இதையும் சேர்த்து வச்சிருக்கேன் என்று அவளிடம் சொல்லிப் போட்டேன்.

வருஷம் திரும்பியதும் மச்சானுக்குச் செம்பட்டிப் பக்கம் பெண் பேசிமுடித்தார்கள். பெண் பார்த்த இடத்தில் என்ன சொன்னார்கள் தெரியுமா? உயிரைக் கொடுத்துக் கடலில் குதித்துப் பிள்ளையைக் காப்பாற்றிய மனுஷன் என்றார்களாம். அந்தப் பெண் அதைக் கேட்டுத்தான் சரி என்றதாம். அம்மாவுக்குப் பயம் வந்துவிட்டது. பாப்பா அவர்கள் வீட்டில் வளர்கிறாள். ஞாயிற்றுக்கிழமைதான் எங்களிடம் விடுவார்கள்.

"எதையாச்சும் செஞ்சு, பேத்திய நான் பாக்கவிடாமப் பண்ணிறாதலே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கும் உலகத்தில் அக்கா என்று மிச்சம் இருப்பது அந்தப் பிள்ளை ஒன்றுதான்.

ஆனால் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. லோடு வண்டி ஓட்டும்போதெல்லாம் அதே யோசனை. கல்யாணத்தில் எழுந்து எல்லாவற்றையும் கத்திச் சொல்லிவிடலாமா? பாப்பாவுக்கு இப்போது பேச்சு வந்துவிட்டது. அக்கா கேட்ட அதே கேள்வியைக் கோயிலில் வைத்துக் கேட்டால் விரலை நீட்டுவது மட்டும் இல்லை, வாயாலும் சொல்லுவாள். ஆனால் பாப்பாவை வச்சு வேணாம் என்று அவள் சொல்லிவிட்டாள். புதுப்பெண்ணை நினைத்தால், அந்தப் பிள்ள என்னடா செஞ்சுச்சு என்று கேட்கிறாள். எந்தப் பக்கம் போனாலும் செத்துப்போனவள் வண்டிக்கு முன்னால் வந்து நிற்கிறாள்.

எங்கள் கல்யாணப் பூசையில் பிரசங்கம் முடிந்ததும் மன்றாட்டு உண்டு. மாப்பிள்ளை வீட்டிலும் பெண் வீட்டிலும் ஒவ்வொருவராக மைக்குக்கு வந்து, மணமக்களுக்காக, பெற்றவர்களுக்காக, மழைக்காக என்று வேண்டுவார்கள். ஒவ்வொன்றுக்கும் கோயிலே சேர்ந்து பதில் சொல்லும். மணமக்களும் சொல்லவேண்டும். நான் முதல்நாள், பூசைக்கு ஏற்பாடு செய்கிற உபதேசியாரிடம் போய், பாப்பா சார்பாக நான் ஒன்று சொல்லுகிறேன் என்று கேட்டேன். தாராளமாகச் சொல்லு தம்பி என்றார்.

பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு மைக் முன்னால் நின்றேன். முன்னால் இரண்டு நாற்காலியில் மச்சானும் அந்தப் பெண்ணும் மாலையோடு. அந்தப் பெண் பாப்பாவைப் பார்த்துச் சிரித்து, ரிப்பன் நழுவுகிறது என்று எனக்குச் சைகை காட்டினாள். மச்சான் என் முகத்தைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் அக்காவின் ஞானஸ்நானப் பெயரைச் சொன்னேன். பாப்பாவைப் பெற்றவள், இதே பீடத்துக்கு முன்னால் மாலையோடு உட்கார்ந்தவள், அவளுடைய ஆன்மா இளைப்பாறவேண்டும் என்று சொன்னேன். செத்த நேரம் நின்றேன். குறி பார்த்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் சொன்னேன்.

"அந்தமான்ல, அலை இழுத்துட்டுப் போன எங்க பாப்பாவ, கடல்ல குதிச்சுத் தூக்கிக் குடுத்த அந்த இளநீர்க்காரர் எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும். அதுக்காகவும் எல்லாரும் மன்றாடுவோம்."

பின்பெஞ்சிலிருந்து முதலில் வந்தது ஒட்டன்சத்திரத்தம்மாவின் குரல்தான். எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்று கணீரென்று சொன்னது. அப்புறம் எல்லோரும் சொன்னார்கள். பாப்பா கடைசியாக, தனியாக, மைக்குக்குள் வாயை வைத்துச் சொன்னாள். மச்சானும் சொன்னார். சொல்லாமல் என்ன செய்வார்? செபம் அது. சொல்லும்போது அந்தப் பெண் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள். அவ்வளவுதான் நடந்தது. மச்சானுடைய ஒரு பக்கக் கன்னமும் காதும் சிவந்துபோனதை நான் பார்த்தேன். யாரும் கை வைக்கவில்லை.

பூசை முடிந்து மச்சான் என்னைக் கோயில் பக்கவாட்டில் நிறுத்தினார்.

"எதுக்குலே மாப்ள இந்த நேரத்துல அது?"

"செபந்தான மச்சான்" என்றேன்.

இனி வீட்டுப் பக்கம் கால் வைக்கக்கூடாது என்றார். அம்மா பயந்தது நடந்துவிட்டது. பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். ஓரமாக நின்ற என்னிடம் அந்தப் பெண்ணே மாலையைக் கழற்றிவிட்டு வந்தாள். பாப்பாவின் ரிப்பனைக் கட்டிவிட்டாள். கட்டிக்கொண்டே, அந்த இளநீர்க்காரர் நம்ம ஊர்க்காரரா தம்பி என்று கேட்டாள். ராமநாதபுரத்துப் பக்கம் என்றேன். தலையை ஆட்டினாள். முடிச்சை இறுக்கிவிட்டு, "ஞாயித்துக்கெழம வந்து பிள்ளையத் தூக்கிட்டுப் போங்க. நான் இருக்கேன்" என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்கவேண்டியதை அவள் வச்சிருக்கிறாள் என்று எனக்குத் தோன்றியது.

அக்காவாக இருந்தால் அன்றைக்குப் பந்தியில் உட்கார்ந்து, மச்சானையும் பக்கத்தில் உட்காரவைத்துச் சாப்பிட்டிருப்பாள். முடிந்ததடா என்றிருப்பாள். நான் கை நனைக்கவில்லை. பொய்யைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அக்கா வாங்கிய அறை இன்னும் அப்படியே இருக்கிறது. அதை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் அளவுக்கு எனக்குப் படிப்பும் இல்லை, மனசும் இல்லை.

அதனால் இதை வாசிக்கிற எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களாக இருந்தாலும் சரி. எங்கள் சில்லுக்காவுக்காக ஒரு நிமிஷம் கண்ணை மூடி வேண்டிக்கொள்ளுங்கள். அவள் போன இடத்தில் யாருக்காகவும் எதையும் வைத்துக்கொண்டு தூங்காமல் கிடக்கக்கூடாது. எல்லோரும் வேண்டிக்கொள்ளுங்கள்.

மச்சான், நீங்களும்.